பொதுக்குழு அம்பலவாணன்

காரைக்காலில் அந்த நாளில் பொறியியல் படித்த பிள்ளைகள் மொத்தம் ஆறே பேர். ஆறு பேரும் ஆற்றுக்கு அப்பால் இருந்த ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, ஒன்றாகவே விடுமுறைக்கு வந்து, ஒரே கடையில் டீ குடித்தவர்கள். இப்படி ஆறு பேர் சேர்ந்தால் சீட்டு ஆடலாம், கடற்கரையில் காலாற நடக்கலாம். இவர்கள் சங்கம் வைத்தார்கள்.

அது 1955 கோடை. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மன்றம், எழுந்து நின்றால் ஒரு கழகம் என்றிருந்த காலம். பல்கலைக்கழகத்திலோ பொறியியல் மாணவர்களுக்கென்றே நானூறு பேர் கொண்ட பெரிய கழகம் இருந்தது. அதற்குத் தேர்தல், மாதம் ஒரு சொற்பொழிவு, ஆண்டு விழா, வருஷா வருஷம் கைமாறும் வெள்ளிக் கேடயம் எல்லாம் உண்டு. பார்த்துப் பார்த்து நம்மவர்களுக்கும் ஆசை வந்ததில் தப்பில்லை.

முதல் கூட்டம் காதர் பாட்சாவின் வாப்பா வைத்திருந்த கயிற்றுக்கடையின் மாடியில் கூடியது. கூடிய கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தாகம் எடுத்தது.

"நீதானே வாசப்பக்கம் உக்காந்திருக்கே, ஆறு சோடா சொல்லிட்டு வந்துடுடா" என்று அம்பலவாணனை அனுப்பினார்கள்.

அம்பலவாணன் அஞ்சலகத்தில் தபால் பிரிக்கும் குமாஸ்தாவின் மகன். ஒல்லி உடம்பு, மெல்லிய குரல், சொன்ன வேலையை மறுத்துப் பழக்கமில்லை. சோடாப் புட்டிகளோடு அவன் மாடியேறி வருவதற்குள் தேர்தலே முடிந்துவிட்டது. தலைவர் ரோழே. அவன் அப்பா கோர்ட்டில் கிரெப்பியே, அதாவது பதிவாளர். ஆகவே ரோழேவுக்குப் பிறவியிலேயே தலைமைக் களை உண்டு. செயலாளர் காதர் பாட்சா. மிச்சம் மூன்று பேருக்கு உபதலைவர், துணைச் செயலாளர், பொருளாளர் என்று ஆளுக்கொன்று.

"அப்ப நான்?" என்று கேட்டான் அம்பலவாணன்.

"நீ உறுப்பினர்டா" என்றான் ரோழே. "ஒரு உறுப்பினராவது இல்லேன்னா நாங்கள்லாம் யாருக்குடா நிர்வாகிங்க?"

நாற்காலியும் ஐந்துதான் இருந்தது. அம்பலவாணன் கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்து தன் சோடாவைக் குடித்தான்.

சட்டதிட்டம் எழுதுவது செயலாளர் வேலை. காதர் பாட்சாவைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. யோசிப்பதைவிட எழுதுவது அவனுக்குச் சுலபம், அவ்வளவுதான். பல்கலைக்கழகக் கழகத்தின் விதிப் புத்தகத்தை ஒரே பிற்பகலில் எழுத்து விடாமல் படியெடுத்து, தலைப்பில் பெயரை மட்டும் மாற்றினான். நானூறு பேருக்குத் தைத்த சட்டையை ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை. ரப்பர் முத்திரை வட்டமாக இருக்க வேண்டுமா, முட்டை வடிவமா என்பதற்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது.

அந்த விதிகளில் பதினான்காவது இப்படிச் சொன்னது: ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டும், செயற்குழுவில் இருப்பவர்கள் அதற்கு வாக்களிக்கக் கூடாது, பொதுக்குழு மறுத்தால் செயற்குழு முழுதும் பதவி விலக வேண்டும், விலகியவர்கள் ஓராண்டுக்கு எந்தப் பதவிக்கும் வர முடியாது. நானூறு பேர் கூடும் இடத்தில் இது நியாயமான விதி. கயிற்றுக்கடை மாடியில், ஐந்து பேர் செயற்குழுவாகப் போனால், பொதுக்குழு என்று மிஞ்சியது அம்பலவாணன் ஒருவன்தான்.

அடுத்த பொங்கலுக்கு முதல் ஆண்டறிக்கை படித்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பொதுக்குழு கை தூக்கலாம்" என்றான் ரோழே. அம்பலவாணன் கை தூக்கினான். "ஏகமனதாக நிறைவேறியது" என்று காதர் பாட்சா எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் பெயர் பொதுக்குழு. "பொதுக்குழு சாப்பிட்டாச்சா?" என்று தெருவில் கேட்பார்கள். அவனுக்குக் கொஞ்சம் வலித்தது. வலித்ததைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று அவனும் சேர்ந்து சிரித்தான்.

கழகம் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் 1956 கோடையில் வந்தது. வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு பாசன வாய்க்கால். இந்தக் கரையில் நடவாட்கள் குடியிருக்கும் தெரு, அந்தக் கரையில் வயல்கள். மழைக்காலத்தில் அக்கரை போக வேண்டுமானால் மதகு வழியே இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அங்கே ஒரு நடைபாலம் போடுவது என்று முடிவாயிற்று. பிரெஞ்சு எல்லையில் நின்ற சுங்கச்சாவடி ஒன்றை அப்போது இடித்துக்கொண்டிருந்தார்கள்; அந்தச் செங்கல் கிடைத்தது. பனைமரங்களை மிராசுதார் ஒருவர் கொடுத்தார். விண்ணப்பங்களைக் காதர் பாட்சா எழுதினான். வரைபடத்தில் "சரிபார்த்தவர்" என்ற கட்டத்தில் ரோழே அழகாகக் கையெழுத்துப் போட்டான். வெயிலில் போய் அளவெடுப்பது உறுப்பினர் வேலை.

அம்பலவாணன் அளவுகளை நன்றாகவே எடுத்தான். வாய்க்காலின் அகலம், கரையின் உயரம், மண் எப்படி என்று எல்லாம் நோட்டில் ஏறியது. ஒன்றே ஒன்று பாக்கி. மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும்? சித்திரை வெயிலில் வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. யாரையாவது கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. வேலை முடிந்து ஐந்தாறு பெண்கள் எதிரேதான் வந்தார்கள். அவனையும் அவன் கையிலிருந்த நாடாவையும் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"என்ன தம்பி, வாய்க்காலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அம்பலவாணனுக்குக் காது சூடாகிவிட்டது. அந்தப் பெண்ணை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அக்கா என்பதா, இந்தாம்மா என்பதா? வீட்டில் அப்படிப்பட்ட பெண்களிடம் யாரும் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை, சொல்லித்தான் பார்த்திருக்கிறான். நாடாவைச் சுருட்டிக்கொண்டு, புளியமரத்தடியில் வில்வண்டியை நிறுத்தியிருந்த மிராசுதாரின் காரியக்காரரிடம் போனான். அவரை ஐயா என்று கூப்பிடலாம், அதில் சிக்கல் இல்லை.

"தண்ணியா? முழங்காலுக்கு மேல வராது" என்றார் காரியக்காரர். "முப்பது வருஷமா பாக்கறேன், எழுதிக்குங்க."

முழங்காலுக்கு ஒன்றரை அடி, மேலே பத்திரத்துக்கு இரண்டடி, ஆகப் பாலத்தின் தளம் மூன்றரை அடி உயரம். அம்பலவாணன் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காரியக்காரர் முப்பது வருஷமாக அந்த வாய்க்காலை மதகு வழியே வண்டியில்தான் கடக்கிறார், ஒரு நாளும் இறங்கி நடந்ததில்லை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஆறு பேரும் கையில் கொப்புளம் வர வேலை செய்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. செங்கல் தூண் எழும்பியது, பிளந்த பனந்துண்டுகள் பலகையாகப் படுத்தன, இரண்டு பக்கமும் மூங்கில் கைப்பிடி. ஆனி மாதம் மாலை கட்டித் திறந்தார்கள். தூணில் பதித்த பலகையில் ஐந்து நிர்வாகிகளின் பெயர் இருந்தது. உறுப்பினர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துக் காதர் பாட்சா சொன்னான்.

ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்கு வந்த அம்பலவாணன், மழை விட்ட ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைப் பார்க்கப் போனான். பெருமையாகத்தான் போனான். வரிச்சிக்குடியில் இறங்கிப் பார்த்தால் பாலத்தைக் காணவில்லை. மூங்கில் கைப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நின்றது. அதில் ஆகாயத்தாமரை மலையாகச் சேர்ந்திருந்தது. பலகைகளுக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் நாற்றுக்கட்டோடு பெண்கள் அதன் மேல் ஒவ்வொரு அடியாகக் காலால் தடவித் தடவி நடந்தார்கள்.

கரையில் ஒருத்தி வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலுக்குச் சட்டை தைக்கப் போகிறீர்களா என்று கேட்டவள்தான். பெயர் ராசாத்தி என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும்.

"கையில என்னக்கா?" கூப்பிடும் சொல் இப்போது தானாக வந்துவிட்டது.

"விழுந்துட்டேன் தம்பி. ரெண்டு பலகைக்கு நடுவுல கால் போயிடுச்சு. நாத்துக்கட்டோட சாஞ்சேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நடவு நேரத்துல கை போனா என்ன பண்றது, சொல்லுங்க. உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"தண்ணி இவ்வளவு வரும்னு யாருமே சொல்லலையே அக்கா."

"யாரும் கேக்கலையே தம்பி. நாங்க இங்கதான் நின்னோம். நீங்க நாடாவைச் சுருட்டிக்கிட்டு வண்டிக்கிட்டப் போயிட்டீங்க." "கட்டும்போதே எங்களுக்குத் தெரியும், இது முழுகும்னு. படிச்ச புள்ளைங்க, தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி எதோ புதுசா கட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டோம்."

அம்பலவாணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தான்.

"முன்னெல்லாம் மாரளவு வந்தா மதகு சுத்திப் போவோம். கொறைஞ்சா எறங்கி நடப்போம், தரை காலுக்குத் தெரியும். இப்பச் சுத்திப் போனா நேரமாவுதாம். பாலம் கட்டிக் குடுத்தாச்சு, இன்னும் என்ன ஊர்கோலம்ங்கிறாரு காரியக்காரரு."

சைக்கிளை மிதிக்க முடியாமல் அவன் தள்ளிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். பாலம் உதவவில்லை என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பாலம் இல்லாதிருந்தால் அந்தக் கை ஒடிந்திருக்காது. இதுதான் அவனை அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன?

பொங்கல் விடுமுறையில் இரண்டாவது ஆண்டுக் கூட்டம். இந்தத் தடவை விஷயம் பெரிசு. பல்கலைக்கழகக் கழகம் அந்த வருஷத்து வெள்ளிக் கேடயத்தை விடுமுறையில் நல்ல வேலை செய்த ஊர்க் கழகத்துக்குத் தருவதாக அறிவித்திருந்தது. கேடயத்தோடு இன்னொன்றும் உண்டு: களத்தில் நின்று வேலை செய்த ஒரு மாணவனுக்கு ஓர் அணைக்கட்டில் இரண்டு மாதப் பயிற்சி. பொதுக்குழு ஏற்ற அறிக்கை மட்டும் போய்ச் சேர வேண்டும்.

காதர் பாட்சா எழுந்து படித்தான். "பாலம் வரைபடத்தில் உள்ளபடியே கட்டி முடிக்கப்பட்டு, மழைக்காலத்திலும் மக்கள் அதன் வழியே சென்று வருகிறார்கள்." கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினான். "களப்பணி முழுதும் செய்தவர் அம்பலவாணன். பயிற்சிக்கு அவர் பெயரைக் கழகம் பரிந்துரைக்கிறது." படித்துவிட்டு அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். அவனைச் சோடா வாங்க அனுப்பிய பாவத்துக்குப் பரிகாரம் செய்த திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

அம்பலவாணனுக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. அணைக்கட்டு வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. முதல் தடவையாக ஒரு தாளில் அவன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதையும் அன்பாகப் போட்டிருக்கிறார்கள்.

"பொதுக்குழு கை தூக்கலாம்" என்றான் ரோழே.

கை தூக்கவில்லை.

"என்னடா, கை வலிக்குதா?"

"எதிர்க்கிறவங்க யாருன்னு கேளு" என்றான் அம்பலவாணன்.

ரோழே சிரித்துக்கொண்டே கேட்டான். அம்பலவாணன் கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்கவில்லை. மாடியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் சொன்னான். வாய்க்கால், நான்கு விரல் தண்ணீர், ஆகாயத்தாமரை, மூங்கில் பத்தை கட்டிய கை, காரியக்காரரின் அதட்டல் எல்லாவற்றையும் அந்த மெல்லிய குரலிலேயே சொல்லி முடித்தான்.

"வரைபடத்துல உள்ளபடின்னுதானேடா எழுதியிருக்கேன்" என்றான் காதர் பாட்சா. "அதுல பொய் எங்க இருக்கு?"

"வரைபடமே தப்புடா. நான் தப்பா எழுதினேன்."

"அப்ப உன் தப்புக்கு நாங்க அஞ்சு பேரும் வெலகணுமா?" ரோழேவின் முகம் சிவந்துவிட்டது. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? இப்படிக் கூட்டத்துல வச்சா அவமானப்படுத்துவே?"

அது நியாயமான கேள்விதான். "பயந்துட்டேன்" என்றான் அம்பலவாணன். "ஆனா கை தூக்க முடியலைடா. ஏத்துக்கிட்டேன்னா பாலம் சரியா இருக்குன்னு ஆயிடும். அப்புறம் அதை யாரும் தொடமாட்டாங்க. அவங்க அதுமேலயே நடந்துக்கிட்டு இருக்கணும்."

ரோழே விதிப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியை முதல் தடவையாக முழுதும் படித்தான். படித்து முடித்ததும் முத்திரையையும் மைப்பெட்டியையும் அம்பலவாணன் முன்னால் வைத்தான். "இந்தா, வச்சுக்க. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நீயேதான். நாங்க பொதுக்குழு." ஐந்து பேரும் படியிறங்கிப் போனார்கள். ஐந்து நாற்காலியும் காலியாக இருந்தன. அம்பலவாணன் கயிற்றுச் சுருளை விட்டு எழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த நான்கு மாதம் அவனுக்கு எப்படிப் போனது என்று கேட்கவே வேண்டாம். வகுப்பில் பக்கத்து இடம் காலி. ரயிலில் அவனைப் பார்த்ததும் வேறு பெட்டி. கேடயம் வேறு ஊருக்குப் போயிற்று, அணைக்கட்டுப் பயிற்சியும் அதோடு போயிற்று. தான் செய்தது சரிதான் என்று பகலில் தோன்றும். தனியாகச் சாப்பிட உட்காரும்போது தோன்றாது.

கோடை விடுமுறை வந்ததும் ஐந்து பேருக்கும் தபாலில் ஒரு அறிவிப்பு வந்தது. தலைவர், செயலாளர் என்று இரண்டு இடத்திலும் அம்பலவாணன் கையெழுத்து, நடுவில் வட்ட முத்திரை. பொதுக்குழுக் கூட்டம், இடம் வரிச்சிக்குடி வாய்க்கால் கரை, பொருள் பாலத்தை உயர்த்துதல்.

அவன் காலை ஆறு மணிக்கே போய் நின்றான். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. எட்டரைக்குக் காதர் பாட்சா வந்தான். "வீட்டுல சும்மாதான் இருந்தேன்" என்று கேட்காமலே சொன்னான். பிறகு மற்ற மூவர். வெயில் ஏறிய பிறகு தூரத்தில் ஒரு சைக்கிள். ரோழே இறங்கி, சைக்கிளை மரத்தில் சாய்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டான்: "எவ்வளவு உசத்தணும்?"

"எனக்குத் தெரியாது" என்றான் அம்பலவாணன். "கேக்கணும்."

தெருவுக்குள் போய் ராசாத்தியை அழைத்து வந்தான். கூடவே ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். ராசாத்தி காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி, தரையில் காலை ஊன்றி நின்று, இடது கையை மார்பில் வைத்தாள். வலது கை கூடிவிட்டது. ஆனால் முழங்கை மடங்கியே நின்றது, முழுதாக நீளவில்லை.

"போன வருஷம் இங்க" என்றாள்.

"புயல் வருஷத்துல கழுத்து முழுகுச்சுடி, மறந்துட்டியா?" என்றாள் இன்னொருத்தி. அது மூன்றாவது வருஷமா நான்காவது வருஷமா என்று அவர்களுக்குள் ஒரு பெரிய சண்டை நடந்தது. ரோழே நாடாவைப் பிடித்தான். அம்பலவாணன் கழுத்தளவையே எழுதிக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றே முக்கால் அடி.

புது வரைபடத்தில் "சரிபார்த்தவர்" கட்டம் காலியாக இருந்தது. அம்பலவாணன் பேனாவை நீட்டினான். ரோழே வாங்கவில்லை. முத்திரையின் மைப்பெட்டியை எடுத்து ராசாத்தி முன்னால் திறந்து வைத்தான். அவள் இடது கைப் பெருவிரலை வைத்தாள்.

அந்த வரைபடத்தைப் பல்கலைக்கழகக் கழகத்துக்கு அனுப்பியபோது கேள்வியோடு திரும்பி வந்தது: ராசாத்தி எந்த ஆண்டு, எந்தப் பிரிவு மாணவி? உறுப்பினர் பட்டியலில் பெயர் இல்லையே? பொதுக்குழு கூடியது. ஐந்து கையும் உயர்ந்தது. ஏழாவது உறுப்பினர் என்று காதர் பாட்சா பட்டியலில் எழுதி அனுப்பினான். அதற்குப் பதில் வரவில்லை.

பிற்பாடு அம்பலவாணன் ஊரிலேயே ஓவர்சியர் ஆனான். எந்த வாய்க்காலுக்குப் போனாலும் முதலில், "இங்க எறங்கி நடக்கிறவங்க யாரு?" என்றுதான் கேட்பான். மேலதிகாரிகளுக்கு அது எரிச்சல்.

அதெல்லாம் பிறகு. அந்தக் கோடையிலேயே ஆறு பேரும் பாலத்தை உயர்த்திக் கட்டி முடித்தார்கள். 1957 ஐப்பசியில் மழை பலமாகவே பெய்தது. அம்பலவாணன் விடுமுறைக்கு வந்த மறுநாளே வரிச்சிக்குடிக்குப் போனான். தண்ணீர் தளத்துக்கு இரண்டடிக்கு மேல் தாழத்தான் ஓடியது. பலகைகள் காய்ந்திருந்தன. நடவுப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ராசாத்தி வந்தாள். தலையிலிருந்த நாற்றுக்கட்டை இடது கையால் பிடித்திருந்தாள். அவனைப் பார்த்து, "நல்லாருக்கு தம்பி, நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் ஏறினாள். ஏறியவள், காய்ந்த பலகை கண்ணுக்கு எதிரே தெரிந்தும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலை நீட்டித் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்துத்தான் நடந்தாள். அம்பலவாணன் அவள் அக்கரை போய்ச் சேரும்வரை அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.